இவருக்கு நானே பொறுப்பு

கடற்கரை ஊரில் கணினி வைத்திருப்பவர்களுக்கு முதல் எதிரி வைரஸ் இல்லை, உப்புக் காற்று. கல்முனையில் நான் கடை திறந்து ஆறு வருடமாகிறது. திரை வரவில்லை என்று நூறு மிசின் வந்தால் அதில் அறுபது, உள்ளே இருக்கும் நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் விளிம்பை அழிறப்பரால் நாலு தேய் தேய்த்து மாட்டியதும் எழும்பிவிடும். கொண்டுவந்தவர் என்னை மந்திரவாதியைப் போலப் பார்ப்பார். நானும் றப்பரை ஒளித்துவிடுவேன். தொழில் என்றால் கொஞ்சம் மரியாதை வேண்டுமல்லவா.

தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். பிடிபட்டவர்களின் விபரம் எடுக்க உங்களைப் போலவே மனித உரிமைக்காரர்கள் இதற்கு முன்னும் இரண்டு தடவை வந்து போனார்கள். எல்லோரும் பவிதரனுக்கு என்ன நடந்தது என்றே கேட்டார்கள். அவன் எனக்கு என்ன செய்தான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நீங்கள்தான் முதல் ஆளாக, "உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா றிபாத்" என்று கேட்டீர்கள். அதற்காகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பவிதரன் காரைதீவுப் பிள்ளை. தொண்ணூற்றாறில் வேலை கேட்டு வந்தான், அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. தொண்ணூறில் இந்தப் பக்கம் தமிழருக்கும் எங்கள் முஸ்லிம் சனத்துக்கும் இடையில் நடந்த கொலைகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பொடியனைக் கடைக்குள் வைத்திருக்கிறாயே என்று என் சொந்த மாமாவே கேட்டார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகல் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான் வரும். அவன் மாட்டிறைச்சி தின்ன மாட்டான் என்று அவனுக்குத் தனியாக மீன்கறி. இதையெல்லாம் நான் கணக்கில் வைத்துச் சொல்லவில்லை. ஒருவன் எந்த இடத்திலிருந்து வந்தான் என்று தெரிந்தால்தான் அவன் செய்தது விளங்கும்.

அவன் வருகிற வழியில் ஒரு சென்றி, படையினரின் சோதனைச் சாவடி, இருக்கிறது. காலையில் இந்தப் பக்கம் வருகிறவர்களின் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். எங்கள் தொழில் சாமான்களைப் பார்த்தால் தெரியாத ஆளுக்குப் பயம்தான் வரும். கறுப்பு ஸ்பொஞ்சில் குத்தி வைத்த சில்லுகள், சிறிய பற்றறி, வயர்த் துண்டுகள். ஆகவே மாதத்துக்கொரு கடிதம் எழுதிக் கொடுப்பேன், சிங்களத்தில். கொழும்பில் இரண்டு வருடம் வேலை செய்ததில் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். பையில் இன்ன இன்ன சாமான், எல்லாம் கணினிக்குரியவை, இவர் என் கடையில் வேலை செய்கிறவர், இவருக்கு நானே பொறுப்பு. கீழே கையெழுத்து, கடைச் சீல், தேதி. மாதம் முடிந்தால் அந்தக் கடிதம் செல்லாது. மூன்று வருடமாக ஒரு மாதமும் தவறவிடவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஜவுபர் சேரின் விஷயம். சாய்ந்தமருதில் கணினி வகுப்பு நடத்துகிறார், பன்னிரண்டு மிசின். இந்த ஊரில் அவர் ஒருவரை நல்லவர் என்றால் நாலு பாடசாலை அவரை நல்லவர் என்று சொல்லும். இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளின் தேதி குழம்பும் என்று பத்திரிகையில் படித்துவிட்டு, போன வருடக் கடைசியில், தொண்ணூற்றெட்டில், என்னைக் கூப்பிட்டார். மதர்போட்டில் பயோஸ் என்று ஒரு சில்லு இருக்கிறது. கரண்ட் கொடுத்ததும் எல்லாவற்றுக்கும் முதல் விழிப்பது அதுதான். இன்றைக்கு என்ன தேதி, எதை எங்கே தேடுவது என்று மற்றவற்றுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அது. அதற்குள் இருப்பதை அழித்துவிட்டுப் புதியதை ஒரு புளொப்பியிலிருந்து எழுத வேண்டும். மூன்று நிமிட வேலை. அந்த மூன்று நிமிடத்தில் கரண்ட் வெட்டினாலோ, வேறொரு போட்டுக்குரிய பைலை எழுதினாலோ மிசின் செத்தது. காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும்.

இந்த வருடம் பெப்ரவரிக் கடைசியில்தான் வேலையைத் தொடங்கினேன், முதல் மிசினிலேயே எனக்கு அது நடந்தது. இரண்டு வகைப் போட் அங்கே இருந்தன, நிறமும் அளவும் ஒன்று. மிசினைப் போட்டதும் திரையின் அடியில் ஒரு நம்பர் வரும், அதைப் படித்துத்தான் பைலைத் தெரிவுசெய்ய வேண்டும். நான் படிக்கவில்லை. ஆறு வருட அனுபவம் உள்ளவனுக்குக் கண்ணே போதும் என்று நினைத்தேன். ஜவுபர் சேரிடம், கரண்ட் ஒருக்கா வெட்டிப்போச்சு சேர் என்றேன். அவரும் தலையாட்டினார். மேலே மின்விசிறி நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

செத்த சில்லை எழுப்புகிற வித்தை பவிதரனுக்குத் தெரியும். என் கடையில், என் மிசினில், என் கரண்டில் பழகியது. ஆகவே அது என் வித்தை என்றும் சொல்லலாம். அதே வகையான நல்ல மிசினைப் போட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சில்லை மெதுவாகத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் செத்ததை வைத்து எழுத வேண்டும். ஓடுகிற மிசினுக்குள் இரும்பை விட்டுக் கிளப்பினால் இரண்டும் போய்விடும். இவன் என்ன செய்வான் என்றால், மீன்காரர்களின் தங்கூசி நூலைச் சில்லின் இரண்டு முனைக்கும் அடியால் முதலிலேயே கோத்து வைப்பான். பிறகு இரண்டு நூலையும் சேர்த்து ஒரே இழுப்பு. சில்லு நேராக மேலே வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த நாள் ஜவுபர் சேரின் முன்னால் அப்படித்தான் எழுப்பினான். திரை வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். சேர் மற்றப் பதினொன்றையும் பார்த்துக் கவலைப்பட்டார்.

"ஏன் தம்பி, இனியும் கரண்ட் வெட்டினா மத்ததுகளும் இப்பிடித்தான் சாகுமா?"

நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். மூன்று வருடம் என் சோற்றைத் தின்றவன் என் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

"இது கரண்ட் வெட்டினதால இல்ல சேர். பைல் மாறிட்டு. ரெண்டு போட்டும் பாக்க ஒரே மாதிரி, நம்பர்தான் வேற. ஆருக்கும் நடக்கும்."

ஆருக்கும் நடக்குமாம். ஜவுபர் சேர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அப்ப மிச்சத்தப் பவிதரனே பாக்கட்டும் றிபாத். நீங்க பக்கத்துல இரிங்க."

பக்கத்தில் இருப்பதற்கு நான் யார். அன்று சைக்கிளில் திரும்பி வரும்போது அவன் வழக்கம்போலக் கதைத்துக்கொண்டே வந்தான். தான் என்ன செய்தான் என்றே அவனுக்குத் தெரியவில்லை. என்னை மிகவும் நோகடித்தது அதுதான். தெரிந்து செய்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், பிறகு ராசியாகியிருப்பேன். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நம்பி வீட்டுக்குள் எடுத்தவன் கழுத்தை அறுத்தால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

மார்ச் மாதம் பிறந்தது. நான் கடிதம் எழுதவில்லை. என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவன், வந்து கேட்டான்.

"நானா, மாசம் பொறந்து நாலு நாளாப் போச்சி. கடிதம் ஒண்டு எழுதித் தாங்களன்."

"நாளைக்கி எழுதுவம் தம்பி. சீலுக்கு மை முடிஞ்சிரிக்கி."

மை உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. அடுத்த நாளும் கேட்டான், அன்றைக்கும் நாளைக்கு என்றேன். புதன்கிழமை பின்னேரம், ஜவுபர் சேர் அவசரப்படுத்துகிறார், சாமான்களை இப்போதே வீட்டுக்குக் கொண்டு போ, விடியக் கடைக்கு வராமல் நேரே சாய்ந்தமருதுக்குப் போ என்றேன். "கடிதம் இல்லாமலா நானா?" என்று கேட்டான். "மூணு வருஷமா உன்னக் காணுறவங்கதானே" என்றேன். ஓம் என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். நான் அவனை வற்புறுத்தவில்லை.

வியாழக்கிழமை பத்து மணியளவில் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. பின்னால் அவனை இருத்தியிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவன் முகம் தெளிந்தது, வீட்டுக்கு வந்துசேர்ந்துவிட்டவனைப் போல. அதிகாரி நல்ல மனிதர். சாமான்களை மேசையில் பரப்பி, இவையெல்லாம் உங்களுடையவையா, எதற்கு என்று மரியாதையாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவன் என்னிடம் வேலைக்கு வருகிறவன்தான் என்றேன். பையில் என்ன கொண்டு திரிகிறான் என்று எனக்குத் தெரியாது என்றேன். முதல் வசனம் உண்மை. இரண்டாவதும், அன்று காலை நான் அந்தப் பையைத் திறந்து பார்க்கவில்லை என்ற வகையில், பொய் என்று சொல்ல முடியாது.

நாங்கள் சிங்களத்தில் கதைத்தோம். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் அதிகாரியின் முகம் மாறியதைக் கண்டிருப்பான்.

"நானா, சொல்லுங்க நானா. இது நம்மட கடச் சாமான் எண்டு சொல்லுங்க."

சொல்லியாச்சு தம்பி என்றேன். அதுவும் உண்மைதான், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்த உதவிகளை அவனுடைய அக்கா தங்கேஸ்வரியிடமே கேட்டுப் பாருங்கள். தாய் தகப்பன் இல்லாமல் அவனை வளர்த்தவ அவதான். மாதத்தில் இரண்டு மூன்று தடவை வருவா. வந்த நாளெல்லாம் கதிரை போட்டு இருத்தி, தேநீர் கொடுத்து, சிங்களத்தில் மனு எழுதிக் கொடுத்தேன். இதுவரை பத்தொன்பது மனு. அவன் எந்தத் தடுப்பு முகாமில் இருக்கிறான் என்று கண்டுபிடித்ததே என் மனுவால்தான். "நீங்க இல்லாட்டி நான் எங்க போவன் தம்பி" என்று என் கையைப் பிடித்து அழுதா. எனக்கும் கண் கலங்கியது. கல் நெஞ்சக்காரன் இல்லை நான்.

எல்லாம் எழுதுகிறீர்கள், இதையும் எழுதிவிடுங்கள், குறை வைக்கக் கூடாது. அந்த வியாழனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, சென்றியில் நிற்கிற ஒருவர் றேடியோவுக்குப் பற்றறி வாங்கக் கடைக்கு வந்தார். பவிதரன் அப்போது எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு எடுக்கப் போயிருந்தான். கதையோடு கதையாக, காரைதீவுப் பக்கமிருந்து வருகிற பைகளைக் கவனமாகப் பாருங்கள், வயரும் பற்றறியும் போகிறதாம் என்றேன். ஆர் என்று கேட்டார். பெயரைச் சொன்னேன், சைக்கிளின் நிறத்தையும் சொன்னேன். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா. ஒரு நாள் வைத்திருந்து பயப்படுத்திவிட்டு விடுவார்கள், பிறகு என்னை மதிப்பான் என்றுதான் நினைத்தேன். விடக்கூடாது என்று நான் ஆருக்கும் சொல்லவில்லை.

எட்டு மாதமாகிறது. தங்கேஸ்வரி பிடித்திருக்கிற லோயர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். "கடக்காரர் ஒரு கடிதம் தந்தாப் போதுமாம் தம்பி. சாமான் எல்லாம் கொம்பியூட்டருக்கு உரியது, அவன் எங்கட ஆள் எண்டு. வேற ஒண்டும் தேவையில்லயாம்." அதே கடிதத்தைத்தான் நீங்களும் எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். என் கையெழுத்தும் சீலும் மட்டும்தான் குறை. உங்களுக்கு அது சின்ன வேலையாகத் தெரியும்.

ஜூன் மாதம் அவனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது, அக்காவின் கையில் கொடுத்து அனுப்பியிருந்தான். பாருங்கள், பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். பென்சிலால் எழுதியது, சில இடம் அழிந்திருக்கிறது. வலது கை விரல் மடங்குவதில்லையாம், இடது கையால் எழுதினானாம். "நானா, நீங்கள் அன்றைக்குப் பயத்தில்தான் அப்படி நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சேரின் மூன்றாவது மிசினுக்கு மற்றப் பைலைப் போட்டுவிடாதீர்கள், அதன் நம்பரில் கடைசி எழுத்து வேறு. அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள்." போய்ப் பார்த்தேன். கடைசி எழுத்து வேறாகத்தான் இருந்தது. அங்கே இருந்துகொண்டும் எனக்குத் தொழில் படிப்பிக்கிறான் பாருங்கள். சரியான பைலைப் போட்டேன், பன்னிரண்டும் நன்றாக ஓடுகின்றன, ஜவுபர் சேருக்கு இப்போது என்மேல் நல்ல மதிப்பு.

பேனையை மூடி வையுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவனுடைய இந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று அல்லாஹ் அறிவான். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான், நோகிற கையோடு. எனக்குச் செய்ததற்கு மன்னிப்பு என்று ஒரு சொல் அதில் இல்லை. அந்த ஒரு சொல் வரட்டும், அன்றைக்கே நான் கையெழுத்துப் போடுவேன். அவனுக்காகத்தான் இவ்வளவு நாளும் பொறுமையாக இருக்கிறேன்.