விஸ்டா போட்ட நாள்

– இல்ல சிறில், நீ கம்பியூட்டருக்கு விஸ்டா போட்டுட்டுப் போனதுலருந்து தான் இந்தக் கூத்து. மெயிலத் தொறந்தா செவப்புல என்னமோ வந்து நிக்கிது.

– பழிய எந் தலையில போடாதீங்க புஷ்பக்கா. விஸ்டா ஏறி ஒரு மாசமாச்சு. இத்தன நாளா பலாபத்வல சனம் பூரா ஒங்க கடையில தானே மெயில் பாத்துச்சு? தள்ளுங்க, பாப்போம்.

– என்னா எழுதியிருக்கு?

– ‘இந்த சைட்ட நம்ப ஏலாது, யாராச்சும் ஒங்கள ஏமாத்தப் பாக்கலாம், மூடிட்டுப் போங்க’ங்குது.

– யாரு ஏமாத்துறா?

– அதத்தானே பாக்குறேன். சரி... மத்த சைட்டெல்லாம் தொறக்குது. மெயிலு மட்டுந் தான் மாட்டேங்குது. செக்பொயிண்டுல ஐடென்டி கேப்பான்ல, அது மாதிரி சைட்டுக்காரனும் ஒரு கார்டு காட்டணும். மெயில்காரன் போன வாரம் புதுக் கார்டு எடுத்திருக்கான். ஒங்க மெசினு அத கள்ளக் கார்டுங்குது.

– ஏனாம்?

– கார்டு குடுத்த தேதி இன்னும் வரவே இல்லியாம். ஒங்க மெசினோட தேதி போன மாசத்துல நிக்குதுக்கா.

– பெட்டரி செத்திருக்கும்.

– பெட்டரி செத்தா வருஷக் கணக்குல பின்னால போயிரும், மணியும் தாறுமாறா காட்டும். இதுல மணி அச்சொட்டா இருக்கு, நாள் மட்டுந் தான் பிசகு. இத யாரோ கையால திருப்பியிருக்காங்க. வேற யாரு மெசினத் தொட்டா?

– யாருந் தொடல. சாவி எங்கிட்ட தான் இருக்கு.

– அப்ப நீங்க தான்.

– இங்க பாரு, தேதியில கைய வைக்காத. அது அப்பிடியே இருக்கட்டும். செவப்ப மட்டும் எடுத்துத் தா.

– தேதிய சரி பண்ணா தானேக்கா செவப்பு போகும்? இருங்க, இருங்க... இது ரோட்டுல குண்டு வெடிச்ச நாளில்ல?

– நல்லா ஞாபகம் வச்சிருக்கியே.

– ஊரே வச்சிருக்கு. என்னா வேலைக்கா பாக்குறீங்க?

– இங்க பாரு, ஒனக்குத் தெரியாததா? குண்டு வச்சவனுக்கு ஒத்தாச பண்ணினாருன்னு எங்க வீட்டுக்காரர, ஒங்க சுந்தரலிங்கம் அண்ணன, உள்ள வச்சிருக்கானுங்க. சாப்பாடு கொண்டு போனா மூஞ்சியக் கூட காட்ட மாட்டேங்குறானுங்க. புள்ளைங்க அப்பா எங்கன்னு கேட்டு அழுது ஓஞ்சு போச்சு. அன்னிக்கு அவரு கடைய விட்டு அசையலைன்னு காட்டினா வெளிய எடுத்துரலாம்னு லோயர் சொல்றாரு. நாளைக்கு பொலிசுல மெசினப் பாக்க வர்றாங்க.

– அதுக்கு? அண்ணன் பேர்ல நீங்களே மெயில் அனுப்பி, அன்னிக்கு அனுப்பின மாதிரி காட்டப் போறீங்களா?

– மெதுவா பேசு. வாசல்ல ஆளு நிக்கிது.

– யாரு?

– டெலிபோன் கோல் எடுக்க வந்தவரு. நீ ஏன் இப்பிடி வேர்த்துக் கொட்டுற?

– வேர்க்காம என்னா செய்யும்? இது தெரிஞ்சா என்னையும் சேத்துத் தூக்குவானுங்க. என் ஐடென்டியும் தமிழ்ல தானே எழுதியிருக்கு.

– நீ ரிப்பேர் பாக்க வந்தவன். ஒனக்கென்ன பயம்?

– அக்கா, கோவப்படாம கேளுங்க. மெசினோட தேதிய நீங்க திருப்பலாம். ஆனா மெயில்ல விழுறது மெயில்காரனோட தேதி. அது இன்னிக்குன்னு தான் காட்டும். பொலிசு பாத்த கையோட புடிச்சிருவான். அண்ணன் வெளிய வர மாட்டாரு, நீங்களும் உள்ள போவீங்க.

– அப்ப அன்னிக்கு உள்ளது ஒண்ணுமே இதுக்குள்ள இல்லியா? தேடிப் பாரேன்.

– இல்லக்கா. பழசையெல்லாம் அழிச்சுட்டுத் தானே விஸ்டா போட்டேன்.

– மெசினு சாட்சி சொல்லாது.

– சொல்லாது. கண்ணால பாத்த மனுசங்க யாராச்சும் இருந்தா, அவங்களப் போய்ச் சொல்லச் சொல்லுங்க.

– பாத்த ஆளு இருக்கு சிறில். அன்னிக்கு விடிஞ்சதுலருந்து பொழுது சாயுற வரைக்கும் ஒன் பக்கத்துலயே கதிரையப் போட்டு, நீ விஸ்டா ஏத்துறதப் பாத்துக்கிட்டிருந்தாரே எம் புருஷன். ஸ்டேஷன்ல கேட்டப்ப ‘அவர நான் கடையில காணல’ன்னு ஏண்டா சொன்ன?