பேச மட்டும் ஒரு போன்

“ஹலோ… ஆமா, நாந்தான்… கேக்குது, கேக்குது, சொல்லு… இல்லத்தா, வண்டி ஓட்டல. மில்லுக்குள்ளதான் நிக்கிறேன். ஷிப்டு இன்னும் விடல… யாரு சொன்னா உனக்கு?… பொன்னழகா? உதடுதான் கிழிஞ்சுச்சு அவளுக்கு. வாய் நல்லாத்தான் இருக்கு போல.”

இனிகோ வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பஸ் ஓட்டுகிறவர். எரியோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆட்களை ஏற்றி வந்து ஷிப்டுக்கு விடுவதும், முடிந்ததும் கொண்டுபோய் இறக்குவதும் வேலை. முந்தாநாள் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்ததைக் கடைசி நேரத்தில் பார்த்து பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விட்டார். பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருந்த பொன்னழகுதான் கம்பியில் மோதிக்கொண்டாள். டிரைவர் கையில் அப்போது போன் இருந்ததை பஸ்ஸே பார்த்தது. மேனேஜர் கூப்பிட்டு, இன்னொரு தடவை ஸ்டியரிங்கில் உட்கார்ந்து போனைத் தொட்டால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். இப்போது போனில் இருப்பது திண்டுக்கல்லில் டீச்சராக இருக்கும் தங்கச்சி அமலராணி. அவளிடம் படித்தவள் பொன்னழகு. விஷயம் அங்கே போய்ச் சேர இரண்டு நாள் ஆனதுதான் அதிசயம்.

“அதான் இனிமே தொட மாட்டேன்னு சொல்லிட்டேன்ல… சத்தியமெல்லாம் எதுக்கு இப்ப… சரி… சரி… என்ன போனு?… சார்லஸ் வச்சிருக்கானா? பெங்களூருல இம்புட்டுச் சம்பளம் வாங்கிக்கிட்டு அவனுக்கு என்ன கேடு… ம்… ம்… கறுப்பு வெள்ளையா?”

சார்லஸ் அமலராணியின் மகன். ராத்திரி பகலாகப் போனைப் பார்த்துக் கண்ணும் கெட்டுத் தூக்கமும் கெட்டு, கடைசியில் ஒன்றுமே இல்லாத போன் ஒன்றை வாங்கி ஆள் தேறியிருக்கிறான். அதே மாதிரி ஒன்றை மாமாவுக்கும் வாங்கித் தருகிறேன் என்று நிற்கிறான். பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்கிற மாதிரி இனிகோ ஒவ்வொன்றாக விசாரித்தார்.

“படம் வருமா?… வராது. வீடியோ?… வாட்ஸப்?… ஹலோ, வாட்ஸப்புமா இல்ல? அப்பறம் அதுல என்னதான்த்தா இருக்கு?… பேசலாம். சரி. மெசேஜ் அனுப்பலாம். சரி… அலாரம் வைக்கலாமாக்கும். அதுக்குப் பக்கத்து வீட்டுச் சேவல் இருக்கு… வெல எம்புட்டு?… ஏ யப்பா. ஒண்ணும் இல்லாததுக்கா இம்புட்டு வெல? மொட்டத் தலையன்கிட்ட சலூன்காரன் ரெண்டு பங்கு கூலி கேட்டானாம்… அதுக்குப் பட்டன் போனு வாங்கிட்டுப் போறேன். பஸ் ஸ்டாண்டுல கூறு கட்டி விக்கிறான்… அதுலயும் இப்ப யூடியூப் வருதா? அட கெரகமே.”

அந்தப் போன் தனக்கு ஏன் ஆகாது என்று இனிகோ அதற்கப்புறம் ஒரு பாட்டம் அவிழ்த்துவிட்டார். மில் பஸ்ஸுக்கென்று ஒரு குரூப் இருக்கிறது. இன்றைக்கு யார் லீவு, எந்த ஸ்டாப்பில் ஆள் இல்லை என்பதெல்லாம் அதில்தான் வரும். தெரு ஜெபக் குழுவான அன்பியத்துக்கு ஒரு குரூப் இருக்கிறது. இந்த வாரம் யார் வீட்டில் ஜெபமாலை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஊரில் யார் செத்தாலும் இப்போது வாயால் சொல்வதில்லை, படத்தைப் போட்டு அடக்கப் பூசை எத்தனை மணிக்கு என்று அனுப்பிவிடுகிறார்கள். அது வராவிட்டால் ஒரு சாவுக்குக்கூடப் போய் நிற்க முடியாது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அமலராணி வகுப்பில் எத்தனை சாக்குப்போக்கைக் கேட்டவள். ஒவ்வொன்றையும் அவள் தட்டிவிட, இனிகோவின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

“ஆமா… ஆமா, பஸ் வெவரம் சூப்பர்வைசரே கூப்புட்டுச் சொல்லுவாருதான்… ஆமா, ஜெபமாலைக்கு மணி அடிப்பாக… சரித்தா, நான் ஒண்ணு சொல்றேன், குறுக்க பேசாமக் கேளு… பேசாதன்னா பேசாத… நான் ரீல்ஸ் பாக்கல. சீட்டு ஆடல. நான்சி ஸ்டேட்டஸத்தான் பாக்குறேன்.”

நான்சி அவருக்கு ஒரே மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் எரியோட்டில் தக்காளி போடுகிற குடும்பத்துப் பையன் அய்யனாரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அம்மா இருந்திருந்தால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிச் சரிக்கட்டியிருப்பாள். அவள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மாலையும் கழுத்துமாக இருவரும் வாசலில் வந்து நின்றபோது இனிகோ கதவைச் சாத்தினார். அவர்கள் திருப்பூர் போய்விட்டார்கள். அன்றிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஒருத்தர் நம்பரை ஒருத்தர் அழிக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் மிச்சம்.

“தெனமும் காலையில புள்ள படம் ஒண்ணு போடுவா. அவன் குப்புற விழுந்தது, பல்லு மொளச்சது, எல்லாம் நான் அதுலதான் பாத்தேன்… பாத்தவங்க பேரு அவளுக்கு வரிசையாத் தெரியும்ல? அதுல என் பேரும் நிக்கும்ல? அப்பா பாத்துட்டாருன்னு அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அதாத்தா எங்க பேச்சு. நீ சொல்ற போன வாங்குனா என் பேரு அங்க இருக்காதுல்ல…”

“அழுகாத. என்ன இப்ப… இல்ல, கொஞ்ச நாளா அவ ஒண்ணும் போடல. தவக்காலம் தொடங்குனதுலருந்து போடல.”

அதற்கும் இனிகோ ஒரு காரணம் வைத்திருந்தார். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று ஃபாதர் பிரசங்கத்தில், கறி மீனை விட்டு மட்டும் ஒருசந்தி விரதம் இருக்காதீர்கள், இந்த வருஷம் போனை விட்டும் இருந்து பாருங்கள் என்று சொன்னார். மறுநாளிலிருந்து நான்சியின் ஸ்டேட்டஸ் இல்லை. திருப்பூரிலும் எந்தக் கோயிலிலோ எந்த ஃபாதரோ இதையே சொல்லியிருக்கிறார், மகள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். அதில் மனுஷனுக்கு ஒரு பெருமைகூட. யாரைக் கட்டிக்கொண்டு எங்கே போனாலும் வளர்த்த வளர்ப்பு போகவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பேரன் முகம் பார்க்காத தவக்காலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தார். ஈஸ்டர் பூசை முடிந்து வெளியே வந்ததும் கோயில் வாசலிலேயே நின்று போனைத் திறந்தார். அங்கே ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. அப்புறம்தான் பயம் பிடித்தது.

“அதான் வண்டி ஓட்டுறப்பவும் எடுத்து எடுத்துப் பாத்தேன். புள்ளைக்கு ஏதும் ஆயிப்போச்சோன்னு… ம்?… நல்லாருக்கானா? உனக்கு எப்புடித் தெரியும்?… எந்தப் படம்?… யாரு நடக்குறா?”

நிறுத்தியிருந்த பஸ்ஸின் படியோரச் சீட்டில் இனிகோ நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“புடிக்காமயா நடக்குறான்?… எம்புட்டுத் தூரம்?… காலுல செருப்புப் போட்ருக்கானா? சத்தம் வருமே, அந்தச் செருப்பா?… அது போட்டாத்தான் நடப்பான். நான்சியும் அப்புடித்தான் நடந்தா, கழட்டுனா உக்காந்துக்கிருவா… சரி… சரி… எப்பப் போட்டா?… இன்னைக்குக் காலையிலயா?… அமலா, எனக்கு வரலையே.”

“தெனமும் போடுறாளா?… தவக்காலத்துலயுமா?… பெரிய வெள்ளிக்கிழமையும் போட்டாளா?”

வாய் தவறிவிட்டது அமலராணிக்கு அப்போதுதான் உறைத்திருக்கும். எதையெதையோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தாள். இனிகோ விடவில்லை.

“நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு, உன் போனு இப்ப வரலையா… மழுப்பாத. டீச்சருக்குப் பொய் ஒட்டாது… மறச்சு வச்சிருக்காளா? எல்லாருக்குமா?… எனக்கு மட்டுமா?… எனக்கு மட்டும்.”

“ஏனாம்?… உங்கிட்டச் சொல்லியிருப்பா, சொல்லு… ஆமா, பாத்தேன். ஆஸ்பத்திரி படம். கையில குளுக்கோஸ் ஊசியோட கெடந்தான். பாத்தேன்த்தா, நூறு தடவ பாத்தேன்… எனக்காகத்தான் போட்டாளா?… நான் கூப்புடுவேன்னா?… ராத்திரி பூரா போன மடியில வச்சுக்கிட்டா?”

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் படம் வந்த அன்றைக்கு இனிகோவும்தான் தூங்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, முட்டி போட்டபடியே பேரனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. பார்த்துவிட்டோம், பார்த்தது அவளுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்துவிட்டார். சாம்பல் புதனன்று பேரன் தேறி வீட்டுக்கு வந்த படமும் வந்தது, அதற்கும் அவர் கூப்பிடவில்லை. இங்கே முட்டி போட்டது அங்கே எந்த வரிசையிலும் தெரியாது. அவள் திறந்து பார்த்திருக்கிறாள். அப்பன் பேர் நின்றிருக்கிறது, அப்பன் குரல் வரவில்லை. வேடிக்கை பார்க்கிறவனுக்கு என் பிள்ளையை எதற்குக் காட்ட வேண்டும் என்று நினைத்திருப்பாள். அவள் செய்தது தப்பு என்று சொல்ல இனிகோவுக்கு வாய் வரவில்லை.

“இல்ல, கோவமில்ல. அவ செஞ்சது சரிதான்… பாக்குறதையே பேச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்த்தா நான்… இப்பவா? இப்ப என்னன்னு கூப்புடுறது? காய்ச்ச வந்து, தேறி, புள்ள எந்திரிச்சு நடக்கவும் ஆரம்பிச்சிட்டான். இப்பப் போயி காய்ச்ச எப்புடி இருக்குன்னு கேக்கவா?… வேணாம்… நீயும் எதும் சொல்லாத. நான் அழுதேன்னு சொல்லி என்னத்துக்கு… நான் அழுகல… சொல்லாதன்னா சொல்லாத.”

மில்லில் சங்கு ஊதியது. பஞ்சு ஒட்டின தலையோடு பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வர ஆரம்பித்தார்கள். முன்னால் பொன்னழகு, உதட்டில் பிளாஸ்திரியோடு. இனிகோ முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, அவள் பார்க்காத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

“ஷிப்டு விட்டாச்சு, ஆளுக வாராக. வைக்கணும்… என்னது?… ஓ, அந்தப் போனா. வாங்கச் சொல்லிரு… ஆமா, நெசமாத்தான் சொல்றேன். இதுல இனி எனக்குப் பாக்க என்ன இருக்கு… நம்பர் இதேதான, மாறாதுல்ல?… சரி… அமலா, இரு. சார்லஸ்ட்ட ஒண்ணு மட்டும் கேளு. அதுல யாராச்சும் கூப்புட்டா மணிச் சத்தம் எம்புட்டு இருக்கும்? பஸ்ஸு ஓடுறப்பவும் கேக்குமா?… ஓட்டிக்கிட்டே எடுக்க மாட்டேன்த்தா. ஓரங்கட்டிட்டுத்தான் எடுப்பேன்… தெரியும், தெரியும். அவ கூப்புட மாட்டா. கூப்புடலைன்னாலும் பரவால்ல. கேக்குமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு… சரி. வச்சிர்றேன்.”