குழந்தைகளின் எண்ணிக்கை

— கேக்குதுங்களா சார்? உங்க முகம் தெரியல, ஸ்டியரிங்தான் தெரியுது.

— கேக்குது மேடம். கார்லதான் இருக்கேன், வீட்டுக்குக் கீழ பார்க்கிங்ல. மேல பசங்க இருக்காங்க. இதெல்லாம் அவங்க காதுல விழ வேண்டாம்னு இறங்கி வந்துட்டேன். என் மூஞ்சில பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, விடுங்க.

— ஏங்க, போனை நேராத்தான் பிடிங்களேன். மேடம், எனக்கு இருவது நிமிஷம்தான் பிரேக். ஆஸ்பத்திரி லாண்டரில நிக்கறேன். பின்னாடி மெஷின் கத்தும், கண்டுக்காதீங்க.

— பரவால்லைங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வந்ததே பெரிய விஷயம். கடைசியா எப்ப நேர்ல உக்காந்து பேசினீங்க?

— உக்காந்தா? போன மாசம் லிஃப்ட்ல நின்னு பேசினோம் மேடம். இவ ஏறினா, நான் இறங்கினேன்.

— விளையாடறார்னு நெனைக்காதீங்க, நெஜம்தான். அவருக்குக் குடோன்ல நைட் ஷிஃப்ட். அவர் காலைல ஆறரைக்கு வருவாரு, நான் அஞ்சரைக்கே கிளம்பிடுவேன். சாயந்திரம் நான் உள்ள நுழையறப்ப அவர் ஷூ மாட்டிட்டிருப்பாரு. சொல்ல வேண்டியத சீட்டுல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிடுவோம். 'கேஸ் தீந்து போச்சு.' 'சின்னவனுக்கு சளி.' அவ்ளோதான் எங்க குடும்பம்.

— காலைல நடுவுல ஒரு மணி நேரம் வருதே, அப்ப சின்னவன்கூட யாரு?

— பெரியவ இருக்காளே மேடம்.

— பெரியவளா? நீங்க அனுப்பின படிவத்துல குழந்தைகள் எத்தனைங்கற இடத்துல ஒண்ணுன்னுதான் இருக்கு. ரெண்டு வயசுப் பையன்.

— ரெண்டு பேர் மேடம். பெரியவளுக்குப் பன்னெண்டு. பாத்தியா, பெத்த பொண்ணையே கணக்குல விட்டுட்டே!

— நானா விட்டேன்? நல்லா இருக்கு! சரி, சண்டை வேண்டாம். நீங்க கேளுங்க மேடம்.

— படிவத்தோட முதல் வரி ரெண்டு பேர் போனுக்கும் மெசேஜா வந்திருக்கும். 'இனிமே என்னால முடியல.' அதுலேருந்து ஆரம்பிக்கலாமா?

— அத இவ சொல்லட்டும் மேடம்.

— நான் என்னத்தச் சொல்றது? அவர் சொல்லட்டும்.

— யாராவது ஒருத்தர் சொல்லுங்க. நேரம் ஓடுது.

— மேடம், ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இன்னிக்கு நாங்க எத்தனாவது குடும்பம்?

— ஏழாவது சார்.

— ஏழுலயும் இதே கததானா?

— ஆளுங்கதான் வேற. அம்மா, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க.

— அவர இப்ப நோண்ட வேண்டாம் மேடம். ஏற்கெனவே நொந்து போயிருக்காரு. இந்த ஒரு வாரமா நான் வீட்டுக்கு வரும்போது சிங்க்ல ஒரு பாத்திரம் இல்ல. எல்லாத்தையும் கழுவிக் கவுத்து வெச்சிட்டுப் போறாரு. பதினாலு வருஷத்துல நடக்காத அதிசயம். கேட்டுடலாமான்னு பாத்தேன், கேட்டா நிறுத்திடுவாரோன்னு விட்டுட்டேன்.

— நல்ல மாற்றம் சார். வேற எது பெரிய பாரமா இருக்கு?

— பெரியவதான் மேடம். கிளாஸ்ல தூங்கறா. டீச்சர் மூணு தடவ கூப்பிட்டுட்டாங்க. ராத்திரி பூரா டேப் நோண்டறான்னு பிடுங்கிக் குடோன் லாக்கர்ல வெச்சேன். அப்பவும் தூங்கறா. கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்ல யாரு காவல் காக்கறது? திங்கக்கிழமை ஹாஸ்டல்ல சேக்கறோம். பெட்டிகூட வாங்கியாச்சு.

— அங்க ஒம்போது மணிக்கு விளக்கணைச்சிடுவாங்களாம் மேடம். அங்கயாவது ஒழுங்காத் தூங்கட்டும்.

— அவகிட்ட சொன்னீங்களா? அழுதாளா?

— அழல. 'தம்பிய யாரு பாத்துப்பா'ன்னு மட்டும் கேட்டா. உனக்கெதுக்குடி அந்தக் கவலைன்னேன்.

— சின்னவன் எப்படிம்மா?

— அவன் ஒருத்தனாலதான் நான் பொழைச்சுக் கிடக்கேன். முன்னாடி ராத்திரிக்கு நாலு தடவ எழுந்து அலறுவான். தூக்கமில்லாம ஒரு நாள் இஸ்திரி மெஷின்ல கைய விட்டுட்டேன், ரெண்டு விரல் வெந்து போச்சு. அப்புறம் அவன அக்கா ரூம்ல படுக்க வெச்சோம். மூணு மாசமாச்சு, சத்தமே இல்ல. படுத்தா விடியறவரைக்கும் தூங்கறான்.

— சந்தோஷம்மா. சார், மறுபடியும் கேக்கறேன். அந்த வரி. எழுதறதுக்கே தைரியம் வேணும். எழுதினவங்க இப்ப பேசலாமே?

— ஏய், சொல்லிடு. நான் கோச்சுக்க மாட்டேன். நீ அப்படி எழுதியிருந்தத பாத்துட்டுத்தான் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சேன். எங்கயாவது போயிடுவியோன்னு பயந்துட்டேன். போதுமா?

— நான் எழுதியிருந்ததா? ஏங்க, அது நீங்க எழுதினது இல்லையா?

— நான் எங்கடி எழுதினேன்? எங்க கம்பெனில ஒரு நோட்டீஸ் குடுத்தாங்க, படிவத்தோட லிங்க் போட்டு. 'குடும்பங்களுக்கு இலவச ஆலோசனை'ன்னு இருந்துச்சு. ஃபிரிட்ஜ்ல ஒட்டினதோட சரி, அப்புறம் நான் திரும்பிக்கூடப் பாக்கல.

— அய்யோ, நீங்கதான் மனசு ஒடிஞ்சு எழுதிட்டீங்கன்னு நெனச்சு, நான் ஒரு வாரமா உங்ககிட்ட எதுவும் கேக்காம வாய மூடிட்டிருக்கேன்!

— ஒரு நிமிஷம். அம்மா, உங்க போன்லேருந்துதான் படிவம் வந்திருக்கு. போன வெள்ளிக்கிழமை, ராத்திரி ரெண்டு நாப்பதுக்கு.

— அந்த நேரத்துல நான் செத்த பொணம் மேடம். கூரை இடிஞ்சு விழுந்தாக்கூடத் தெரியாது.

— கீழ இன்னும் ஏதாவது எழுதியிருக்கா மேடம்?

— இருக்கு சார். உண்மையச் சொல்லிடறேன், நான் முதல் வரியும் மேல இருந்த கட்டங்களும்தான் பாத்தேன். காலைலேருந்து ஏழாவது படிவம்.

— பரவால்ல. இப்பப் படிங்க.

— படிக்கறேன். 'சின்னவன் இன்னும் ராத்திரி நாலு தடவ எழறான். அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள தூக்கிட்டுப் போய் பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டா, தண்ணிச் சத்தத்துல அடங்கிடுவான். அப்புறம் நடந்துக்கிட்டே இருக்கணும். உக்காந்தா அழுவான். அம்மா எழுந்துடக் கூடாது. எழுந்தா மறுபடியும் கைய மெஷின்ல விட்டுடுவாங்க.'

— மேடம்...

— இன்னும் ரெண்டு வரி இருக்கும்மா. 'இன்னும் பத்து நாள்ல, திங்கக்கிழமை, நான் போயிடுவேன். அவன் எழறான்னே அவங்களுக்குத் தெரியாது. நான் சொன்னா அம்மா அழுவாங்க, அதனால நீங்க சொல்லிடுங்க.'

— ஏங்க. ஏங்க, லைன்ல இருக்கீங்களா? மேல போங்க. அவள எழுப்பாதீங்க. தூங்கிட்டிருந்தா எழுப்பாதீங்க. சின்னவன மட்டும் அவகிட்டேருந்து வாங்கிக்குங்க.

— போறேன். சாவி எங்க வெச்சேன்... இதோ இருக்கு. மேடம், அவ ஏன் குழந்தைங்க ஒண்ணுன்னு போட்டா? எங்க மேல அவ்ளோ கோவமா?

— கோவமாத் தெரியல சார். அதுக்கு மேல இன்னொரு கட்டம் இருக்கு. வீட்ல பெரியவங்க எத்தனை பேருன்னு கேட்டிருக்கோம். நான் பாட்டி யாரோ கூட இருக்காங்கன்னு நெனச்சுட்டேன். மூணுன்னு போட்டிருக்கா.