காயலைக் கடந்த கொடி

எர்னா: ...கொடியைத் தண்ணியில போட வேண்டாம்னா விடு. ஈரத் துணியாலயாவது ஒரு தடவை துடைச்சுடறேனே.

புரூனோ: தொடாதேன்னா தொடாதே எர்னா. அந்த மனுஷன் கடிதத்துலயே எழுதியிருக்கார். தண்ணி படக் கூடாது, இஸ்திரி போடக் கூடாது, மடிப்பைக்கூடப் பிரிக்கக் கூடாது.

எர்னா: பதினாறு வருஷத்துத் தூசி. மியூசியத்துக்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடப் போறார்.

புரூனோ: தூசியைப் பாக்கறதுக்குத்தான் அவருக்குச் சம்பளமே. அலமாரிச் சாவியைக் குடு.

எர்னா: எனக்கென்ன தெரியும் சாவியைப் பத்தி.

புரூனோ: உன் ஏப்ரன் பையில கிலுகிலுங்குதே, அது என்ன?

எர்னா: சில்லறை.

புரூனோ: சில்லறை! சரி. மூணு மணிக்கு அவர் வந்ததும் அந்தச் சில்லறையைப் போட்டுத் திறக்கலாம்.

எர்னா: சிரிக்காதே. வாராவாரம் இந்த அகதிச் சங்கத்துச் சுவத்துல, கேடயத்துல இருக்கற மிருகங்களையெல்லாம் ஏணி போட்டுத் தட்டறது நான். அன்னைக்கு எவனும் வந்து 'தொடாதே'ன்னு சொன்னதில்ல.

புரூனோ: மிருகமா? சைலீசியாக்காரங்க காதுல விழுந்தா இனிமே உனக்குக் கசகசா கேக் கிடையாது.

எர்னா: அவங்க கழுகுக்கு நெஞ்சுல பிறை. பொமரேனியாக்காரங்களுக்குக் கழுகுத் தலை வெச்ச சிவப்புச் சிங்கம். மேற்குப் பிரஷ்யாவோட கழுகைப் பாரு... தோள்லேருந்து ஒரு கை முளைச்சு வாளை ஓங்கிக்கிட்டு நிக்குது. யாரை வெட்டுச்சாம்? இத்தனை அலகு, இத்தனை நகம்... ஒரு ஊரையாவது காப்பாத்துச்சா?

புரூனோ: இன்னைக்கு என்ன ஆச்சு உனக்கு?

எர்னா: ஒண்ணும் ஆகல. போர்ல பறிபோய், வரைபடத்துல தேடினாலும் கிடைக்காத மாகாணத்துக்கெல்லாம் சுவத்துல கேடயம். கீழ காப்பி குடிச்சுக்கிட்டு அழறதுக்கு ஒரு கூட்டம்.

புரூனோ: நீயும் அழுதிருக்கே.

எர்னா: அழுதேன். யாரு இல்லேன்னா.

புரூனோ: சாவி.

எர்னா: புரூனோ... அவருக்கு போன் போட்டுச் சொல்லிடு. உனக்குக் காய்ச்சல்னு.

புரூனோ: கீல் நகரத்துலேருந்து பஸ் ஏறியிருப்பார் இந்நேரம்.

எர்னா: கொடியைப் பூச்சி அரிச்சுடுச்சுன்னு சொல்லு. யாரோ திருடிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லு.

புரூனோ: அடுத்த மாசம் நகர மண்டபத்துல கண்ணாடிப் பெட்டி தயாரா இருக்கு. மேயர் வர்றார். அட்டைகூட அச்சாயிடுச்சு. 'கிழக்குப் பிரஷ்யா மாகாணக் கொடி. 1945 பிப்ரவரியில் உறைந்த காயலைக் கடந்து திருமதி எர்னா நவ்யோக்ஸ் காப்பாற்றிக் கொண்டுவந்தது.' இதுல உனக்கு என்ன குறை?

எர்னா: என் பேரு வேண்டாம்.

புரூனோ: வேற யார் பேரைப் போட? நான் அப்ப துப்பாக்கியும் கையுமா ஒரு பள்ளத்துல படுத்திருந்தேன்.

எர்னா: யார் பேரும் வேண்டாம். பூதக்கண்ணாடி கொண்டுவருவாரா?

புரூனோ: கொண்டுவருவார். நூலைப் பாப்பார். சாயத்தைப் பாப்பார். எந்தக் காலத்துத் துணின்னு சொல்லிடுவாராம். உக்காரு எர்னா. முகமெல்லாம் வெளுத்துப் போச்சு.

எர்னா: சொல்லத்தான் போறார். துணியைப் பாத்த உடனே சொல்லிடுவார்.

புரூனோ: என்னன்னு?

எர்னா: கறுப்புப் பாதி... ஜன்னல் திரைன்னு. விமானம் வந்தா வெளிச்சம் தெரியாம மூடுவோமே, அந்தத் திரை. டென்மார்க் முகாம்ல ஒரு மூட்டை கிடந்துச்சு. வெள்ளைப் பாதி ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு. முத்திரை குத்தின மூலையை வெட்டிட்டேன். கழுகோட கிரீடத்துக்கும், நெஞ்சுல இருக்கற எழுத்துக்கும் ஜரிகை... கடற்படை அதிகாரி ஒருத்தரோட விதவை, அவர் சட்டைக் கையிலேருந்து உருவிக் குடுத்தா. நாலு நாள் ரொட்டிக்கு.

புரூனோ: ம்.

எர்னா: 'ம்'மா? நான் என்ன சொல்றேன்னு புரியுதா? இது உன் கொடி இல்ல புரூனோ. நான் தைச்சது.

புரூனோ: தெரியும்.

எர்னா: எது தெரியும்?

புரூனோ: நான் ஏத்தின கொடி இது இல்லேன்னு.

எர்னா: எப்போலேருந்து?

புரூனோ: நாப்பத்தெட்டுலேருந்து. நான் வந்து சேந்து, நீ பெட்டியைத் திறந்து விரிச்சியே... அன்னைக்கே.

எர்னா: பொய்.

புரூனோ: ஒன்பது வருஷம் மாவட்ட அலுவலக மாடியில காலையில ஏத்தி, சாயங்காலம் இறக்கினவன் எர்னா நான். முப்பத்தஞ்சுல மாகாணக் கொடியையெல்லாம் எடுத்துடுங்கன்னு உத்தரவு வந்தப்ப, நிலக்கரிக் கிடங்குல ஒளிச்சு வெச்சவனும் நான்தான். காத்துல கிழிஞ்ச ஓரத்தைச் சாம்பல் நூல் போட்டு நானே தைச்சிருந்தேன், பாம்பு ஊர்ந்த மாதிரி. நீ விரிச்ச கொடியில ஓரம் கோடு போட்ட மாதிரி நேரா இருந்துச்சு.

எர்னா: அப்போ ஏன் வாயைத் திறக்கல? பள்ளிக்கூடத்துப் பசங்களைக் கூட்டி வெச்சு, 'இதோ பாருங்க, இதுதான் காயலைக் கடந்த கொடி'ன்னு வருஷாவருஷம்...

புரூனோ: என்ன சொல்லச் சொல்ற? மூணு வருஷம் கைதியா இருந்துட்டு எலும்புக்கூடா வந்து நிக்கறேன். என் முன்னாடி ஒருத்தி கழுகை விரிச்சுக் காட்டறா. ஒவ்வொரு இறகும் தனித்தனியா. உன் விரல் பத்தும் ஊசி குத்தி ஆறின தழும்பு. பழசை ரொட்டிக்கு வித்திருப்பே, எனக்கு மனசு உடையக் கூடாதுன்னு இதைத் தைச்சிருப்பேன்னு நினைச்சேன். வித்தா வித்துட்டுப் போறா, உசிரோட இருக்காளேன்னு விட்டுட்டேன்.

எர்னா: விக்கல.

புரூனோ: விடு. வித்தா என்ன, விக்காட்டி என்ன.

எர்னா: விக்கல புரூனோ! ...நம்ம குழந்தை லோரே செத்தது டென்மார்க்ல இல்ல. காதுல விழுந்துதா?

புரூனோ: விழுந்துது. சொல்லு. மெதுவா சொல்லு.

எர்னா: ஆஸ்பத்திரின்னு சொன்னேன். வெள்ளைப் படுக்கை, டேனிஷ் நர்ஸு, பாதிரியார் வந்தாருன்னெல்லாம் சொன்னேன். ஒண்ணும் கிடையாது. நாங்க கப்பல் ஏறினப்பவே என் கையில ஒண்ணும் இல்ல.

புரூனோ: காயல்லயா?

எர்னா: படைக்குப் பயந்து ஊரே ஓடி வந்தப்ப, வண்டி பனி மேல இறங்கி ரெண்டாம் நாள். பனிக்கட்டிக்கு மேலயே முழங்கால் தண்ணி. சக்கரம் இறங்கிப் பெட்டி கவுந்துடுச்சு. போர்வை, மெத்தை, அவளோட கம்பளிச் சட்டை... எல்லாம் சொட்டச் சொட்ட. பெட்டிக்கு அடியில மெழுகுத் துணியில சுத்தி நீ வெச்சிருந்தியே, அது ஒண்ணுதான் காஞ்சிருந்துச்சு.

புரூனோ: கொடி.

எர்னா: அது கொடியாவா தெரிஞ்சுது எனக்கு? காஞ்ச துணி. மூணு சுத்துச் சுத்தினேன். கொஞ்ச நேரம் கதகதன்னு இருந்தா. கழுகோட கிரீடத்துல ஜரிகை பிரிஞ்சு தொங்கிச்சு, அதைப் பிடிச்சு வாயில வெச்சுக்கிட்டா... சிரிச்சா புரூனோ. எட்டு மாசக் குழந்தைக்கு என்ன தெரியும், சுத்தி என்ன நடக்குதுன்னு.

புரூனோ: ம்.

எர்னா: விடிஞ்சப்ப வாய்லேருந்து ஜரிகை விழுந்திருந்துச்சு. நான் எடுத்து மறுபடி வெச்சேன். திரும்பவும் விழுந்துச்சு.

புரூனோ: எர்னா... போதும்.

எர்னா: போதாது. இருவது வருஷமாப் போதும்னு இருந்தாச்சு. பின்னாடி வண்டிக்காரங்க கத்தறாங்க. ஒரே இடத்துல நிக்காதீங்க, பனி விட்டுடும், எல்லாரும் உள்ள போயிடுவோம்னு. புதைக்க மண்ணு ஏது அங்க? பக்கத்து வண்டிக் கிழவர்தான் சொன்னார், 'வெச்சுட்டு வாம்மா'ன்னு. வெச்சுட்டு வந்தேன்.

புரூனோ: கொடியோடவா.

எர்னா: கொடியோடதான். கழட்டிக்கோன்னார் அவர், ராத்திரிக்கு உனக்கு வேணும்னார். எனக்குக் கை வரல. குளிருமேன்னு... செத்துப் போன குழந்தைக்குக் குளிருமேன்னு. கொஞ்ச தூரம் நடந்து திரும்பிப் பாத்தேன். ஒரு சிப்பாய் அந்தப் பக்கமா வந்தான். தூரத்துலேருந்து பாக்க வெறும் கொடிதானே. 'எவன் இதைக் கீழ போட்டது'ன்னு கத்திக்கிட்டே குனிஞ்சு எடுத்தான்.

புரூனோ: அப்புறம்?

எர்னா: அப்புறம் கத்தல. திரும்பவும் அதே இடத்துல வெச்சான். ஓரத்தை உள்ள மடிச்சு விட்டான். தொப்பியைக் கழட்டினான். எவ்வளவு நேரம் நின்னான்னு தெரியல, வண்டி போயிடுச்சு.

புரூனோ: என்கிட்ட ஏன் சொல்லல?

எர்னா: நீ வந்து முதல்ல லோரேவைக் கேப்பேன்னு தெரியும். அவளுக்கு ஒரு படுக்கையாவது இருந்துச்சு, மண்ணாவது கிடைச்சுதுன்னு சொல்லிடலாம்னு வெச்சிருந்தேன். ஆனா ரெண்டாவதா கொடி எங்கேன்னு கேப்பியே. கொடி இல்லேன்னா எங்க போச்சுன்னு கேப்ப. அதுலேருந்து இதுக்கு வந்துடுவ. அதுக்குத்தான் தைச்சேன். உனக்காகவும் இல்ல, கிழக்குப் பிரஷ்யாவுக்காகவும் இல்ல. ஒரு பொய்யை மூடறதுக்கு ஒரு துணி.

புரூனோ: இந்தா, கைக்குட்டை.

எர்னா: வேண்டாம். எனக்கு அழுகை வரல. யாரோ கதவைத் தட்டறாங்க.

புரூனோ: சாவியைக் குடு எர்னா.

எர்னா: இந்தா... என்ன சொல்லப் போற அவர்கிட்ட?

புரூனோ: பாப்போம். உள்ள வாங்க டாக்டர், கதவு திறந்துதான் இருக்கு!

டாக்டர் ஹின்ரிக்சன்: வணக்கம் திரு நவ்யோக்ஸ். சீக்கிரமே வந்துட்டேனோ? வெளியில மழை பிடிச்சுக்கிச்சு. இவங்கதான் திருமதி நவ்யோக்ஸா? உங்களைப் பத்தி நிறையக் கேள்விப்பட்டிருக்கேன் அம்மா.

எர்னா: கேள்விப்பட்டது எல்லாம்...

புரூனோ: டாக்டர், கோட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இது மாவட்ட அலுவலகக் கொடி இல்ல. நாப்பத்தாறுல டென்மார்க் அகதி முகாம்ல என் மனைவி தைச்சது. இருட்டடிப்புத் திரை, ஆஸ்பத்திரி விரிப்பு.

டாக்டர் ஹின்ரிக்சன்: உங்க சங்கத் தலைவர் வேற மாதிரி எழுதியிருந்தாரே.

புரூனோ: நான் சொன்னதை அவர் எழுதினார். நான் சொன்னது பொய்.

எர்னா: இல்ல டாக்டர், பொய் சொன்னது நான். இவரு அதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான்.

டாக்டர் ஹின்ரிக்சன்: அப்போ பழைய கொடி? எங்கயாவது இருக்குதா?

எர்னா: இருக்கு. என் பொண்ணுகிட்ட.

டாக்டர் ஹின்ரிக்சன்: அட, நல்லதாப் போச்சு! அவங்க முகவரியைக் குடுத்தீங்கன்னா நானே ஒரு கடிதம்...

புரூனோ: முகவரி இல்ல டாக்டர். குழந்தை அது. காயல்ல விட்டுட்டு வந்தோம்.

டாக்டர் ஹின்ரிக்சன்: ...மன்னிச்சுக்கங்க.

புரூனோ: நீங்க என்ன செய்வீங்க.

டாக்டர் ஹின்ரிக்சன்: நான்... இதை நகர மண்டபத்துக்கு எடுத்துட்டுப் போக முடியாது. அட்டையில இருக்கறது நிஜமில்லேன்னு தெரிஞ்சப்புறம் என்னால கையெழுத்துப் போட முடியாது. உள்ளதை எழுதியாகணும். சங்கத்துக்கும் ஒரு பிரதி போகும்.

புரூனோ: எழுதுங்க. இந்த அறைச் சாவியைத் திருப்பிக் கேப்பாங்க. குடுத்துடறேன்.

டாக்டர் ஹின்ரிக்சன்: காரணத்தை நான் எழுத மாட்டேன். 'முகாமில் தைக்கப்பட்டது' அப்படின்னு மட்டும்தான்.

எர்னா: ஒரு வாய் காப்பியாவது குடிச்சுட்டுப் போங்க. மழை விடட்டும்.

டாக்டர் ஹின்ரிக்சன்: இல்லம்மா. வர்றேன். நீங்க இருங்க, நான் கதவைச் சாத்திக்கறேன்.

எர்னா: ...போயிட்டார். குடையை மறந்துட்டுப் போறார் பாரு.

புரூனோ: வேணும்னா திரும்பி வருவார்.

எர்னா: பாவம், எங்கே பாக்கறதுன்னு தெரியாம அவரோட காலையே பாத்துக்கிட்டு நின்னார். சாவி போனா ஞாயித்துக்கிழமை நீ என்ன பண்ணுவ?

புரூனோ: தூங்குவேன்.

எர்னா: நீயா? ...புரூனோ, இன்னொண்ணு இருக்கு. கையோட அதையும் கேட்டுடறேன். அம்பத்தொன்பதுல சங்கத்துக்காரங்களோட டென்மார்க் போனியே.

புரூனோ: ஆமா.

எர்னா: லோரேவோட கல்லறையைப் பாத்துட்டு வர்றேன்னு நீ கிளம்பினப்ப எனக்கு உசிரே இல்ல. அங்க ஒண்ணும் கிடையாதுன்னு எனக்குத் தெரியுமே. தடுக்கவும் முடியல. நாலு நாள் அடுப்பு மூட்டல நான். வந்ததும் கேப்பான், இன்னைக்கோட எல்லாம் முடிஞ்சுதுன்னு உக்காந்திருந்தேன். நீ வந்த. தொப்பியைக் கழட்டி மாட்டின. வேலியோரத்துல, பிர்ச் மரத்தடியில, சின்ன மரச் சிலுவை, பேரைச் சரியா எழுதியிருக்காங்க, பூ வெச்சுட்டு வந்தேன்னு சொன்ன.

புரூனோ: சொன்னேன்.

எர்னா: அன்னைக்கே எனக்குப் புரிஞ்சுடுச்சு. நான் பொய் சொன்னது உனக்குத் தெரிஞ்சுபோச்சு, எனக்காக நீயும் ஒரு பொய் சொல்றேன்னு. அஞ்சு வருஷமா ஒரே மேசையில உக்காந்து சூப் குடிக்கறோம், ரெண்டு பேரும் வாயைத் திறக்கல. இப்பவாவது உள்ளதைச் சொல்லு. அங்க போய் என்ன பாத்த?

புரூனோ: பதிவேட்டைக் காட்டினாங்க. உன் பேரு இருந்துச்சு. பக்கத்துல 'தனியாக வந்தவர்'னு எழுதியிருந்துச்சு.

எர்னா: அப்போ சிலுவை... பொய்தானே?

புரூனோ: இல்ல எர்னா, சிலுவை இருக்கு. கல்லறைக் காவல்காரர்கிட்ட ரம்பம் இரவல் வாங்கி, நான்தான் செஞ்சு நட்டேன். கீழ யாரும் இல்ல. அவ பேரை எழுத எங்கயாவது ஒரு இடம் வேணுமே.