எரியாத கள்ளிப்பால்

— தெய்வம்னு சொன்னா கோவிச்சுக்குறீங்க, வேற என்னன்னு சொல்றது ஸுல்மிராக்கா? ரத்தத்துல எச்.ஐ.வி. கிருமி தட்டுப்படவே இல்லன்னு நேத்து ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. எல்லாம் உங்க கள்ளிப்பால் பாட்டில் செஞ்ச வேலை.

— மெதுவாப் பேசு தார்சீசியு. பக்கத்துக் கடைக்காரி காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. என் வயித்துல பாலை வார்த்தடா. அந்தப் பட்டை மூட்டையத் தள்ளிட்டு உக்காரு. மாத்திரை போடுறல்ல?

— இனிமே எதுக்கு அது? கிருமிதான் ஓடிப் போச்சே.

— ஓடலடா, ஒளிஞ்சிருக்கு. மாத்திரைய நிறுத்திப் பாரு, கொஞ்ச நாள்ல எழுந்து வந்து நிக்கும்.

— சந்தையில மூலிகை விக்கிற நீங்களே டாக்டர் மாதிரிப் பேசினா எப்படி? நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை க்ராட்டோ ரேடியோவுல என்னைப் பேசக் கூப்பிட்டிருக்காங்க. லாரி டிரைவர் தார்சீசியு, திருகுக்கள்ளிப் பால் குடிச்சுப் பொழைச்சவன்னு. உங்க பேரு, கடை இருக்கிற சந்து, எல்லாத்தையும் சொல்லிடுறேன். ஸெயாரா மாநிலமே இங்க வரிசையில நிக்கும்.

— வேணாம்.

— ஏன்க்கா? புகழ் கசக்குதா? ஃபோர்தலேஸாவுலருந்து டாக்டரம்மாவே உங்க வேலிக் கள்ளியைத் தேடிக் கார் போட்டு வராங்க.

— அந்த இவோனே அம்மாவை நெனைச்சா கையெடுத்துக் கும்பிடத் தோணுது. ஆடு கூட வாய் வைக்காத செடி அது. அதோட பால்லருந்து ஒரு சத்தைப் பிரிச்சு வச்சிருக்காங்க. ஒடம்புக்குள்ள ஒளிஞ்சு தூங்குற கிருமியை அது தட்டி எழுப்புதாம். எழுந்து வெளிய வந்தாத்தானே அதை அடிக்க முடியும்? என்ன மூளை பாரு. ஆனா இன்னும் சோதனைதான் நடக்குது. மனுசனுக்கு மருந்தாக் குடுக்க எத்தனை வருசம் ஆகுமோன்னு அந்தம்மாவே சொல்லுது.

— அவங்களுக்கு அத்தனை வருசம், உங்களுக்கு ஒரு பாட்டில். அதான் உங்க கைராசி.

— கைராசியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீ ரேடியோவுல சொன்னா என்ன ஆகும் தெரியுமா? கேக்குறவன் மாத்திரையச் சாக்கடையில கொட்டிட்டு, வேலியில போய்க் கள்ளியை ஒடிச்சுக் குடிப்பான். தொண்டை வெந்துரும்.

— நான் குடிச்சேனே, வேகலையே.

— நீ குடிக்கல.

— என்னக்கா சொல்றீங்க?

— உன் பாட்டில்ல கள்ளிப்பால் ஒரு சொட்டு கூடக் கிடையாது. இஞ்சி, தேன், ஜடோபா மரப்பட்டை. இருமலுக்குக் குடுக்கிற கஷாயம்தான்.

— அப்ப இத்தனை நாளா?

— முதல் நாள் எலும்பும் தோலுமா வந்து நின்ன. அரசாங்கம் சும்மா குடுக்கிற மாத்திரையத் தொட மாட்டேன், நீங்க கள்ளிப்பால் தரலைன்னா நானே கள்ளியை ஒடிச்சுக் குடிக்கிறேன்னு அடம் புடிச்ச. நான் என்ன செய்வேன்? ஒரு பொய்யைக் கட்டினேன். முதல்ல மாத்திரை, அது மேல இந்தப் பாட்டில், ஒரு ராத்திரி மாத்திரை தவறினாலும் கள்ளிப்பால் விஷமாயிடும்னு. உன்னைப் பொழைக்க வச்சது அந்த மாத்திரைதான். போ, இதையே ரேடியோவுல சொல்லு. ஸுல்மிரா ஏமாத்துக்காரின்னு சொல்லு.

— சொன்னா நாளைக்கு உங்ககிட்ட ஒருத்தர் புதினா கூட வாங்க மாட்டாங்களே. உங்க அம்மா காலத்துக் கடை.

— போகட்டும். எவனோ ஒருத்தன் தொண்டை வெந்து சாகிறதுக்கு, கடை போறது மேல்.

— ரேடியோவும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. என்னை யாரும் கூப்பிடல.

— அப்புறம் எதுக்குடா இந்தக் கதையெல்லாம்?

— எங்க ஊர் அஸாரேயில வீட்டைச் சுத்தி வேலியே திருகுக்கள்ளிதான். சின்ன வயசுல கண்ணுல ஒரு சொட்டு பட்டு நான் கத்தின கத்துல ஊரே கூடிருச்சு. எரியாத கள்ளிப்பால் எந்த ஊர்லக்கா இருக்கு? முதல் மடக்குலயே தெரிஞ்சு போச்சு.

— தெரிஞ்சேவா குடிச்ச?

— லாரி நிக்கிற இடத்துல மத்த டிரைவருங்க முன்னாடி மாத்திரைய எடுக்க முடியாது. என்னடா வியாதின்னு நோண்டுவானுங்க. உங்க பாட்டிலை எடுத்தா, தார்சீசியுவுக்கு ஆம்பளை மருந்து கேக்குதுடான்னு சிரிச்சிட்டுப் போயிடுவானுங்க. அந்தச் சிரிப்போட சிரிப்பா மாத்திரையும் உள்ள போயிடும். அது போக, எந்த ஊர்ல நின்னாலும் போன் பண்ணி, மாத்திரை போட்டியாடான்னு அதட்டுனீங்க. என்னை அப்படி அதட்ட வேற ஆள் இல்லக்கா. உங்களை எவ்வளவு பெருசா நெனைக்கிறேன்னு எனக்குச் சொல்லத் தெரியல.

— படுபாவி. அப்படி நெனைக்கிறவன்தான் இன்னிக்கு என்னை இந்தப் பாடு படுத்தினியா?

— பேரு கெட்டாலும் ஆள் சாகக் கூடாதுன்னு நெனைப்பீங்களான்னு பாக்க வேண்டியிருந்துச்சு. வெளிய லாரியில என் சம்சாரம் உக்காந்திருக்கா. என்னாலதான் அவளுக்கும் வந்துச்சு. குடுக்குற மாத்திரையையெல்லாம் கொல்லையில புதைக்கிறா. நான் கள்ளிப்பால்லதான் பொழைச்சேன்னு நம்பி, தனக்கும் அதுதான் வேணுங்கிறா. அவ ரெசிஃபே பட்டணத்துக்காரி, கள்ளியைக் கிட்டப் பாத்தது கூடக் கிடையாது. இப்பக் கூட்டிட்டு வரேன். எனக்குச் சொன்ன அதே பொய்யை, ஒரு வார்த்தை மாறாம அவளுக்கும் சொல்லுங்க.