பாதிச் சடையும் பதினோரு மணியும்

...பின்ன என்னம்மா, நாள் சொல்றோம்னு சொல்லி ஒன்பது நாளாச்சு, அந்த மனநல ஆபீஸ்லேர்ந்து எனக்குச் சொன்னாங்களா? தலையை ஆட்டாதே, வகிடு கோணிடும்! ரெண்டு வருஷம் காத்துக் கெடந்தேன். இந்த லண்டன் பெக்கம்ல மனசுக்கு வைத்தியம் பாக்க, நம்மள மாதிரியே ஒரு கறுப்புப் பொண்ணு இப்பத்தான் கெடைச்சா. எஃபுவா. முதல் தடவை போகாம விட்டா மறுபடி வரிசையில கடைசிதானாம். நானா விடுவேன்? அவங்க நாள் சொன்னாத்தானே!

முன்னாடி ஒரு வெள்ளைக்காரர்கிட்ட போனேன். நல்ல மனுஷன், பிஸ்கட்டெல்லாம் குடுத்தாரு. "மெர்லீன், என் கண்ணைப் பாத்துப் பேசு"ன்னாரு. எங்கம்மா ஜமைக்காக்காரி, பெரியவங்களை நேருக்கு நேர் மொறைச்சா செருப்பு பறந்து வரும்! தரையைப் பாத்தேன். 'எதையோ மறைக்கிறா'ன்னு எழுதிக்கிட்டாரு. சரின்னு வாயைத் தெறந்தேன், கொஞ்சம் சத்தமாத்தான்... 'கோவக்காரி'ன்னு எழுதிக்கிட்டாரு. கோவமா? எனக்கா? ஏய், எவ அங்க கதவைத் தெறந்து போட்டது! ...உன்னைச் சொல்லலம்மா.

எங்க விட்டேன்? ஆங், ஏடிஹெச்டி. மூளை ஒரு எடத்துல நிக்காதே, அது. நாப்பத்தாறு வயசுல சொல்றாங்க! பள்ளிக்கூடத்துல என் துள்ளலுக்குப் பேரு திமிர். பக்கத்துல துள்ளுன வெள்ளைப் பையனுக்குப் பேரு சுட்டி.

எஃபுவா முதல்ல போன்ல பேசினப்ப என்ன சொன்னா தெரியுமா? "கையில வேலை இருந்தாத்தான் பேச்சு வரும்னா, சடை பின்னிக்கிட்டே பேசுங்கக்கா. கண்ணையெல்லாம் பாக்க வேணாம்." அழுதுட்டேன்மா. அவ முன்னாடி நான் நானாவே உக்காரலாம்... உக்காராம நடக்கவும் செய்யலாம்!

ஆனா நாள்? சோம்பேறி ஆபீஸ்! ...எங்க எந்திரிக்கிற? பாதித் தலையோட பஸ் ஏறுவியா? உக்காரு. சடையோட சேத்துப் பின்ற அந்தப் புது முடிக்கட்டை எடு. என்ன, அதைச் சுத்தின அட்டையில ஏதோ எழுதியிருக்கா? என் கையெழுத்துதான்... பின்னுறப்ப போன் வந்தா கைக்குக் கெடைச்சதுல கிறுக்கி வைப்பேன்... 'எஃபுவா. வியாழன். பதினோரு மணி.'

...இன்னைக்கு என்ன கிழமை? வியாழனா! ஐயையோ, மணி பத்து அம்பது!

சீப்பை எடு, முடிக்கட்டை எடு, கோட்டை மாட்டு, நீயும் வா! அங்க பேசுறது ரகசியமா? காலையிலேர்ந்து உங்கிட்ட கொட்டாத ரகசியம் இன்னும் என்ன இருக்கு? பின்னிக்கிட்டே பேசலாம்னு அவதானே சொன்னா! தலை இல்லாம நான் எதைப் பின்னுறது? நட, நட!