கிழக்குச் சுவருக்கு ஓலை

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த நாட்கள். உளுந்தூர்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பனையை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். களமருதூரில் ஏறி எனக்கு முன் சீட்டில் புருஷனோடு உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சொன்னாள்:

"நல்லவேள மரத்த சாச்சாங்க. டவுனுக்குப் போயி தகரம் வாங்காம தப்பிச்சோம்."

"இன்னா பேசற நீ? போன மழைல கெழக்கு செவுரு பாதி கரஞ்சி போச்சி. வெளிய தகரம் அடிச்சாதான் இந்த மழைக்கு வூடு நிக்கும்."

"மண் செவுத்துல ஆணி நிக்குமா? புயல் காத்து ஒரு தூக்கு தூக்கினா, தகரம் பறந்துகினு போய் எவன் தலமேல வுழுமோ."

"கம்பி போட்டு இறுக்கி கட்டறேன்."

"கட்டுய்யா. உள்ள செவுரு வேத்து வேத்தே கரையும். ஓலன்னா மழ மேலாக்க வழிஞ்சிடும், காத்து பூந்துகினு போவும்."

"இப்ப ஓலைக்கு எங்க போவ?"

அவள் இறங்கிப்போய், அரிவாளோடு மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவனிடம் நின்றாள்.

"தம்பி, மறியலுக்கு மரம் போதுமில்ல? ஓலைய எனக்கு வெட்டிக் குடு. கெழக்கு செவுத்துக்கு சாத்தணும்."

அவன் கூட்டாளிகளைப் பார்த்தான். அவர்கள் தலையாட்டினார்கள். அவன் அரிவாளை ஓங்கியதும் புருஷன்காரர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்:

"பழுத்தத வுட்டுடு தம்பி! பச்சையா பாத்து வெட்டு!"